டிக்ரிப்ட் ஆகலைன்னு வருதா? போடி, கம்பம், குமுளி பக்கத்து ஆபீஸ்கள்ல அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழ போடி, கம்பம், மேல வண்டன்மேடு, நெடுங்கண்டம், குமுளின்னு ஏலக்கா ஆபீஸ், ஸ்டோர், ஆடிட்டர் ஆபீஸ்னு சிஸ்டம் பாக்கப் போற இடத்துல எல்லாம் திரும்பத் திரும்ப வர்ற கேள்விங்க இது, ஒவ்வொருத்தருக்கும் போன்ல சொல்றதுக்குப் பதிலா ஒரே இடத்துல எழுதி வச்சிட்டேன். கமாண்ட் எல்லாம் படிக்கிறதுக்காக தமிழ்லயே போட்டிருக்கேன், டைப் பண்றப்ப இங்கிலீஷ்ல அடிச்சுக்கங்க.

டிக்ரிப்ஷன் எர்ரர்னு வந்தா டேட்டா போச்சுன்னு அர்த்தமா?

பெரும்பாலும் இல்ல. என்க்ரிப்ட்னா டேட்டாவைப் பூட்டி வைக்கிறது, டிக்ரிப்ட்னா அதைத் திறக்கிறது. டேட்டா டிஸ்க்ல அப்படியே தான் கிடக்கும். அதைத் திறக்கிற கீ அந்த மெஷின்ல இருக்காது, இல்லைன்னா வேற கீ இருக்கும், அதுவும் இல்லைன்னா சரியான கீயே இருந்தும் அதைத் தொட அந்த யூசருக்கு பர்மிஷன் இருக்காது. நான் பாத்த வரைக்கும் முக்காவாசி கேஸ் இந்த மூணுக்குள்ள வந்துரும், மிச்சம் ஃபைல் காப்பி ஆகும்போது பாதில அறுந்தது. எர்ரர் வந்ததால டேட்டாவை இழந்தவங்களை விட, எர்ரர் வந்த பதட்டத்துல ஃபார்மட் பண்ணி, விண்டோஸ் புதுசா போட்டு, பழைய யூசரை டெலிட் பண்ணி இழந்தவங்க தான் அதிகம், அதனால எர்ரர் மெசேஜை போட்டோ எடுத்துட்டு கையை எடுத்துருங்க, முடிஞ்சா டிஸ்க்கை அப்படியே இமேஜ் எடுத்து வச்சுட்டு அப்புறம் நோண்டுங்க.

மத்தியானம் இடி விழுந்து மதர்போர்டு போயிருச்சு. புது போர்டு மாட்டினதும் 48 நம்பர் அடின்னு நீல ஸ்கிரீன்ல கேக்குது. நாங்க லாக்கே போடலையே?

ஐப்பசி மழைல இடுக்கி பக்கம் இது ரொம்ப சகஜம். கேக்கிறது பிட்லாக்கர், விண்டோஸோட டிஸ்க் பூட்டு. டிஸ்க்கோட கீயை போர்டுல இருக்கிற டிபிஎம்ங்கிற சிப் தான் காலைல ஆன் பண்றப்ப சத்தமில்லாம எடுத்துக் கொடுத்துக்கிட்டு இருந்துச்சு, போர்டு மாறினதும் அந்த சிப்பும் போயிருச்சு, புது சிப்புக்கு உங்க டிஸ்க் யாருன்னே தெரியாது, அதான் ரெக்கவரி கீ கேக்குது. நாங்க போடலையேன்னு எல்லாரும் சொல்றாங்க, உண்மையாவே அவங்க போட்டிருக்க மாட்டாங்க. விண்டோஸ் 11ல 24எச்2 வெர்ஷன்ல இருந்து புதுசா இன்ஸ்டால் பண்ணி மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல லாகின் பண்ணினாலே டிவைஸ் என்க்ரிப்ஷன் தானா ஆன் ஆயிரும், ஹோம் எடிஷன்லயும் ஆகும்.

தானா ஆன் ஆனதுல ஒரு நல்லது, கீயும் தானா அந்த மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல ஏறியிருக்கும். எந்த மெயில் ஐடில முதல்ல செட்டப் பண்ணாங்களோ அதுல போன்லயே லாகின் பண்ணி டிவைஸ் லிஸ்ட்ல ரெக்கவரி கீ பாருங்க. இங்க தான் சிக்கலே, செட்டப் பண்ணது கடைக்கார பையனோட மெயில் ஐடியா இருக்கும், இல்ல வேலையை விட்டுப் போன கணக்குப்பிள்ளையோடதா இருக்கும், அவரைத் தேடிப் பிடிங்க, வேற வழி இல்ல. ஆபீஸ் மெயில் ஐடின்னா அட்மின் கிட்ட இருக்கும். ஸ்கிரீன்ல கீ ஐடின்னு ஒண்ணு காட்டும், அதோட முதல் எட்டு எழுத்தும் லிஸ்ட்ல இருக்கிறதும் ஒண்ணான்னு பாத்துட்டு அடிங்க, பழைய லேப்டாப் கீயை அடிச்சுட்டு வேலை செய்யலைன்னு சொல்றவங்க நிறைய.

உள்ள போனதும் பிட்லாக்கரை ஒருதடவை சஸ்பெண்ட் பண்ணி ரெஸ்யூம் பண்ணுங்க, புது சிப்போட சேந்துக்கும். அப்பவும் தினம் கேட்டா பழைய டிபிஎம் ப்ரொடெக்டரை எடுத்துட்டு புதுசா சேக்கணும். பயோஸ் அப்டேட் பண்றதுக்கு முன்னாடியும் சஸ்பெண்ட் பண்ணிக்கங்க. 2024 ஜூலை 19 அன்னைக்கு க்ரவுட்ஸ்ட்ரைக்ங்கிற செக்யூரிட்டி சாஃப்ட்வேரோட அப்டேட் சொதப்பி உலகம் பூரா 85 லட்சம் விண்டோஸ் மெஷின் படுத்துச்சே, அதை எழுப்ப சேஃப் மோடுக்குப் போகப் பாத்த பல ஆபீஸ்ல இந்த 48 நம்பர் இல்லாம தான் மாட்டிக்கிட்டாங்க.

ரெக்கவரி கீயை நோட்டுல எழுதி வச்சிருக்கோம், ஆனா ஒரு நம்பர் 1ஆ 7ஆன்னு தெரியல. எல்லாத்தையும் மாத்தி மாத்திப் போடணுமா?

வேணாம், கால்குலேட்டர் எடுங்க. 48 நம்பரும் ஆறு ஆறா எட்டு கூட்டமா இருக்கும், ஒவ்வொரு ஆறு இலக்கமும் 11ஆல மீதியில்லாம வகுபடணும், அப்படித்தான் அதை உண்டாக்குறாங்க. உதாரணத்துக்கு 411329ஆ 417329ஆன்னு சந்தேகம்னு வச்சுக்கங்க. 411329ஐ வகுத்தா 6 மீதி வருது, 417329 சரியா 37939 தடவை போகுது, அப்ப 7 தான். கம்பத்துல ஒரு ஆபீஸ்ல ஏலக்கா சாக்கு எண்ணிக்கை எழுதுற நோட்டோட கடைசிப் பக்கத்துல பால்பாயிண்ட்ல எழுதி, மேல டீ கொட்டி, மூணு இடத்துல சந்தேகமா இருந்த கீயை இப்படித்தான் உக்காந்து மீட்டோம். சந்தேகம் ஒரு கூட்டத்துக்கு ஒரு எழுத்துன்னா இது கச்சிதமா வேலை செய்யும். ஒரே கூட்டத்துல ரெண்டு எழுத்து அழிஞ்சிருந்தா வகுபடுறது சில நம்பர் கிடைக்கும், ஒவ்வொண்ணா போட்டுப் பாக்க வேண்டியது தான்.

போர்டு மாத்தாம டிஸ்க்கை மட்டும் கழட்டி வேற கம்ப்யூட்டர்ல மாட்டலாமா?

மாட்டலாம், அங்கயும் அதே 48 நம்பர் தான் கேக்கும், கொடுத்தா திறக்கும்.

வண்டன்மேடு ஆபீஸ் சர்வர்ல எடுத்த பேக்கப்பை போடி சர்வர்ல ரீஸ்டோர் பண்ணா 33111னு எர்ரர், ஏதோ தம்ப்பிரிண்ட் கொண்ட சர்டிபிகேட்டைக் காணோம்னு வருது. பேக்கப் கெட்டுப் போச்சா?

பேக்கப் நல்லா இருக்கு. மேல இருக்கிற டேட்டாபேஸ்ல டிடிஇ போட்டிருக்காங்க, அதாவது எஸ்க்யூஎல் சர்வரே டேட்டாபேஸ் ஃபைலையும் பேக்கப்பையும் என்க்ரிப்ட் பண்ணித்தான் எழுதும். 2008ல இருந்து எண்டர்ப்ரைஸ் எடிஷன்ல மட்டும் இருந்துச்சு, 2019ல ஸ்டாண்டர்ட் எடிஷனுக்கும் கொடுத்துட்டாங்க, அதுக்கப்புறம் தான் நம்ம பக்கம் சின்ன ஆபீஸ்லயும் வெண்டர்காரங்க ஆன் பண்ணிவிட்டுப் போறாங்க. ஆன் பண்றவங்க சர்டிபிகேட்டை பேக்கப் எடுத்து ஓனர் கையில கொடுத்துட்டுப் போறாங்களான்னா அது தான் இல்ல.

அந்த சர்டிபிகேட் தான் திறக்கிற சாவி, அது உங்க டேட்டாபேஸ்குள்ள இருக்காது, சர்வரோட மாஸ்டர் டேட்டாபேஸ்ல இருக்கும், அதனால உங்க பேக்கப் ஃபைலோட கூட வராது. மேல இருக்கிற சர்வர் உயிரோட இருக்குன்னா அரை மணி நேர வேலை. அங்க மாஸ்டர்ல போய் பேக்கப் சர்டிபிகேட் கமாண்ட்ல சர்டிபிகேட்டையும் ப்ரைவேட் கீயையும் ரெண்டு ஃபைலா எடுங்க, ப்ரைவேட் கீக்கு ஒரு பாஸ்வேர்ட் கேக்கும், அதை மறக்காதீங்க. கீழ வந்து மாஸ்டர்ல மாஸ்டர் கீ இல்லைன்னா முதல்ல ஒண்ணு கிரியேட் பண்ணிட்டு, க்ரியேட் சர்டிபிகேட் ஃப்ரம் ஃபைல் போட்டு அதே பாஸ்வேர்டைக் கொடுத்து ஏத்துங்க, அப்புறம் ரீஸ்டோர் ஓடும்.

ஏத்தும்போது 15208னு ஒரு எர்ரர் வரும், ஃபைல் சரியில்ல, இல்ல ஃபைலே இல்ல, இல்ல பர்மிஷன் இல்லைன்னு மூணையும் ஒண்ணா சொல்லும். ஃபைலை டெஸ்க்டாப்ல வச்சிருப்பீங்க. நீங்க பாக்கிற டெஸ்க்டாப்பை எஸ்க்யூஎல் சர்வீஸ் ஓடுற அக்கவுண்ட் பாக்க முடியாது. டி டிரைவ்ல ஒரு ஃபோல்டர் போட்டு அந்த சர்வீஸ் அக்கவுண்டுக்கு ரீட் பர்மிஷன் கொடுத்துட்டு மறுபடி ஓட்டுங்க.

அதே பேர்ல புதுசா ஒரு சர்டிபிகேட் கிரியேட் பண்ணேன், அப்பவும் 33111 தான் வருது?

பேரை அது பாக்கிறதே இல்ல, தம்ப்பிரிண்டைத் தான் பாக்குது. ஒரே பேர்ல தெருவுக்கு நாலு முருகேசன் இருக்கலாம், ஆனா ஒருத்தர் கார்டுக்கு இன்னொருத்தர் கைரேகை வச்சு ரேஷன் கடையில அரிசி வாங்க முடியாதுல்ல.

மேல சர்வரே எரிஞ்சு போச்சு, சர்டிபிகேட் பேக்கப்பும் இல்ல. ஏதாச்சும் பண்ண முடியுமா?

மாஸ்டர் டேட்டாபேஸோட பேக்கப் எங்கயாச்சும் இருக்கான்னு முதல்ல தேடுங்க, நைட் பேக்கப் ஜாப்ல சிஸ்டம் டேட்டாபேஸையும் சேத்து டிக் பண்ணியிருந்தா இருக்கும். அதோட மாஸ்டர் கீக்கு வச்ச பாஸ்வேர்ட் தெரிஞ்சா வழி இருக்கு. அதே வெர்ஷன், அதே பில்ட் எஸ்க்யூஎல் சர்வரை வேற மெஷின்ல போட்டு மாஸ்டரை ரீஸ்டோர் பண்ணி, ஓபன் மாஸ்டர் கீ கமாண்டை பாஸ்வேர்டோட ஓட்டி, உள்ள இருக்கிற சர்டிபிகேட்டை வெளிய எடுத்துரலாம். பாஸ்வேர்ட் வெண்டர் ஓட்டின பழைய ஸ்கிரிப்ட்ல எழுதியே இருக்கும், டி டிரைவ்ல டாட் எஸ்க்யூஎல் ஃபைலா தேடிப் பாருங்க. மாஸ்டர் பேக்கப்பும் இல்ல, டிஸ்க்கும் இல்லைன்னா அந்த டேட்டாபேஸை மறந்துருங்க, மைக்ரோசாஃப்டாலயும் முடியாது, முடியும்னு சொல்லி அட்வான்ஸ் கேக்கிறவங்களுக்கு காசு கொடுக்காதீங்க.

சர்டிபிகேட் எக்ஸ்பயரி ஆயிருச்சுன்னு காட்டுது, இனி டேட்டாபேஸ் திறக்காதா?

திறக்கும். தேதி குறிக்கலைன்னா ஒரு வருஷம்னு அதுவே போட்டுக்கும், ஆனா டிடிஇ அந்தத் தேதியை கண்டுக்காது. எக்ஸ்பயரி ஆனதைத் தூக்கிப் போட்டுட்டு புதுசு போடுறேன்னு டெலிட் மட்டும் பண்ணிராதீங்க, பழைய பேக்கப் எல்லாம் பழைய சர்டிபிகேட்ல தான் திறக்கும். டிடிஇயை ஆஃப் பண்ணிட்டாலும் இதே தான், உடனே அழிக்காதீங்க, லாக் ஃபைல்ல இன்னும் அதோட தேவை இருக்கலாம்.

15581, 15466, 33094 இதெல்லாம் என்ன?

15581னா மாஸ்டர் கீ இல்ல, இல்ல திறக்கலைன்னு அர்த்தம். டேட்டாபேஸை வேற சர்வருக்குக் கொண்டுவந்தா வரும், ஓபன் மாஸ்டர் கீயை பாஸ்வேர்டோட ஓட்டிட்டு, கையோட ஆல்டர் மாஸ்டர் கீ ஆட் என்க்ரிப்ஷன் பை சர்வீஸ் மாஸ்டர் கீன்னு ஓட்டிவிட்டா அடுத்த தடவை தானா திறந்துக்கும். 15466ம் 33094ம் வந்தா சர்வரோட அடி கீயான சர்வீஸ் மாஸ்டர் கீயையே திறக்க முடியாம தவிக்குதுன்னு சந்தேகப்படுங்க. மெஷினை மாத்தி மாஸ்டரை ரீஸ்டோர் பண்ணியிருப்பீங்க, இல்ல சர்வீஸ் அக்கவுண்டை விண்டோஸ் சர்வீசஸ் லிஸ்ட்ல போய் மாத்தியிருப்பீங்க. அதை எப்பவும் எஸ்க்யூஎல் சர்வர் கான்ஃபிகரேஷன் மேனேஜர்ல தான் மாத்தணும். இணையத்துல தேடினா ஃபோர்ஸ் ரீஜெனரேட் போடுன்னு முதல் பதில் வரும், அது திறக்க முடியாத ரகசியத்தை எல்லாம் தூக்கி எறிஞ்சுட்டு புது கீ போடுற வேலை, கடைசிக்கும் கடைசியா வச்சுக்கங்க.

எர்ரரே வரல, ஆனா பேங்க் அக்கவுண்ட் நம்பர் இருக்க வேண்டிய இடம் வெறும் காலியா வருது?

எர்ரர் வர்றதை விட இது மோசம், ஏன்னா யாரும் கவனிக்க மாட்டாங்க. எஸ்க்யூஎல் சர்வர்ல கீயைத் திறக்காம டிக்ரிப்ட்பைகீ கூப்பிட்டா எர்ரர் கொடுக்காது, நல் (NULL), அதாவது வெறும் காலி தான் கொடுக்கும். மைஎஸ்க்யூஎல்ல ஏஇஎஸ் டிக்ரிப்டும் (ஏஇஎஸ்ங்கிறது பூட்டுற முறை) தப்பு கீ கொடுத்தா பெரும்பாலும் நல் தான் கொடுக்கும். அந்த நேரத்துல யாராச்சும் ஸ்கிரீன்ல சேவ் அமுக்கினா காலியை காலியாவே எழுதி வச்சுரும், அப்ப தான் நிஜமாவே டேட்டா போகும். அதனால காலியா தெரிஞ்ச உடனே சாஃப்ட்வேரை எல்லாரையும் மூடச் சொல்லுங்க. மைஎஸ்க்யூஎல் கேஸ்ல பிளாக் என்க்ரிப்ஷன் மோட்ங்கிற செட்டிங் ரெண்டு சர்வர்லயும் ஒண்ணான்னு பாருங்க, ஒண்ணுல 128, இன்னொண்ணுல 256ன்னு இருந்தா கீ சரியா இருந்தும் திறக்காது.

இங்கிலீஷ்ல பேர் போட்ட விவசாயி எல்லாம் சரியா வருது, தமிழ்ல போட்டா மட்டும் பேடிங் இன்வேலிட்னு எர்ரர். தமிழுக்கு என்க்ரிப்ஷன் ஆகாதா?

நல்லா ஆகும், டேபிள்ல அந்தக் காலத்தோட (column) அளவு பத்தல. கணக்கு போட்டுக் காட்றேன். முத்துக்கருப்பன்னு இங்கிலீஷ்ல அடிச்சா 13 எழுத்து, 13 பைட். ஏஇஎஸ் 16 பைட் கட்டமா தான் வேலை செய்யும், அதனால 16, முன்னாடி ஐவின்னு ஒவ்வொரு தடவையும் மாறுற ஒரு 16 பைட் சேத்தா 32, பைட்டை எழுத்தா மாத்துற பேஸ்64ல எழுதினா 44 எழுத்து. தமிழ்ல முத்துக்கருப்பன்னா புள்ளி, கொம்பு எல்லாம் தனித்தனி கோடு, மொத்தம் 16, யூடிஎஃப்-8ல ஒவ்வொண்ணுக்கும் 3 பைட், ஆக 48. அது சரியா மூணு கட்டத்துல நிறைஞ்சுட்டதால பேடிங்குக்கு, அதாவது கடைசிக் கட்டத்தை நிரப்புறதுக்கு, இன்னொரு முழு கட்டம் சேத்து 64, ஐவி சேத்தா 80, பேஸ்64ல 108 எழுத்து. உங்க காலம் 64 எழுத்துன்னு வச்சிருப்பாங்க, 44 உள்ள போகும், 108ஐ வெட்டி உள்ள தள்ளும், வால் அறுந்த டேட்டாவை எந்த கீயாலயும் முழுசா திறக்க முடியாது.

சத்தமில்லாம எப்படி வெட்டுச்சுன்னு கேட்டா, எஸ்க்யூஎல் சர்வர்ல நேரா இன்சர்ட் பண்ணா எர்ரர் வந்திருக்கும், ஆனா ஸ்டோர்ட் ப்ரொசீஜர் பேராமீட்டர்ல 64னு இருந்தா அங்கயே கமுக்கமா வெட்டிரும். மைஎஸ்க்யூஎல் 5.7ல இருந்து ஸ்ட்ரிக்ட் மோட் டீஃபால்ட்டாவே ஆன், அதை ஆஃப் பண்ணி வச்சிருக்கிற சர்வர்ல அதுவும் வார்னிங் மட்டும் போட்டுட்டு வெட்டும். மலையாளத்துக்கும் இதே 3 பைட் தான், மேல உள்ள தோட்டக்காரங்க பேரை மலையாளத்துல ஏத்துற ஆபீஸ்ல இதே பிரச்சனையைப் பாக்கலாம். காலத்தைப் பெருசாக்குங்க, இல்ல பேஸ்64 இல்லாம வார்பைனரியா வைங்க. ஏற்கனவே வெட்டுப்பட்டதை ரெஜிஸ்டர்ல பாத்து திரும்ப ஏத்தணும், குறுக்கு வழி கிடையாது.

பேருக்குப் பதிலா வரிசையா கேள்விக்குறி வருது, அதுவும் டிக்ரிப்ஷனா?

இல்ல, அது யூனிகோட் காலம் வைக்காததால வர்றது. காலத்தோட டைப் என்வார்ச்சார்னு இருக்கணும்.

பில்லிங் சாஃப்ட்வேரை அப்படியே ஃபோல்டரோட புது மெஷினுக்கு காப்பி பண்ணோம், கீ நாட் வேலிட் ஃபார் யூஸ் இன் ஸ்பெசிஃபைடு ஸ்டேட்னு வருது?

சாஃப்ட்வேர்காரர் டேட்டாபேஸ் பாஸ்வேர்டை விண்டோஸ்ல இருக்கிற டிபிஏபிஐ வச்சு என்க்ரிப்ட் பண்ணி கான்ஃபிக் ஃபைல்ல வச்சிருக்கார். அது அந்த மெஷினுக்கு, இல்ல அந்த யூசருக்கு மட்டும் தான் திறக்கும், திருட்டுக் காப்பி உதவக்கூடாதுன்னே அப்படி வச்சது. கனெக்ஷன் செட்டிங்ல போய் பாஸ்வேர்டை புதுசா அடிச்சு சேவ் பண்ணுங்க, தீந்துச்சு.

ஊழியர் போனதும் அவர் விண்டோஸ் பாஸ்வேர்டை அட்மின்ல இருந்து ரீசெட் பண்ணோம், அவரோட எக்செல் ஃபைல் எல்லாம் ஆக்சஸ் டினைடு?

ஃபைல்ல பூட்டு படம் தெரியுதா? அப்ப அது ஈஎஃப்எஸ், விண்டோஸே ஃபைலைப் பூட்டுற வசதி. லோக்கல் அக்கவுண்ட்ல பாஸ்வேர்டை அவரே மாத்தினா கீ கூடவே மாறும், நீங்க வெளிய இருந்து ரீசெட் பண்ணா கீ பழைய பாஸ்வேர்ட்லயே பூட்டிக் கிடக்கும். அவருக்கு போன் போட்டு பழைய பாஸ்வேர்டைக் கேளுங்க, மறுபடி அந்த யூசருக்குள்ள போய் பாஸ்வேர்டை பழையதுக்கே மாத்தினா பெரும்பாலும் திறந்துரும். யூசரையே டெலிட் பண்ணிட்டீங்கன்னா பிஎஃப்எக்ஸ் ஃபைலா கீயை முன்னாடியே எக்ஸ்போர்ட் பண்ணியிருந்தா தான் உண்டு.

லினக்ஸ்ல ஓபன்எஸ்எஸ்எல் வச்சு பூட்டின பழைய பேக்கப், பாஸ்வேர்ட் நூறு சதம் சரி, ஆனா பேட் டிக்ரிப்ட்னு வருது?

பூட்டின மெஷினும் திறக்கிற மெஷினும் வேற வேற வெர்ஷனா இருக்கும். பாஸ்வேர்ட்ல இருந்து கீ தயாரிக்க முன்னாடி எம்டி5ங்கிற முறையைப் பயன்படுத்துச்சு, 2016ல வந்த 1.1.0ல இருந்து எஸ்எச்ஏ-256க்கு மாத்திட்டாங்க. சென்ட்ஓஎஸ் 7ல பூட்டி உபுண்டு 22.04ல திறந்தா இதே கதை தான். கமாண்டோட கடைசில மைனஸ் எம்டி எம்டி5ன்னு சேத்துப் பாருங்க. பேட் மேஜிக் நம்பர்னு வந்தா பேஸ்64ல இருக்கிற ஃபைலா இருக்கும், மைனஸ் ஏ போடுங்க. பாஸ்வேர்ட்ல டாலர் குறி இருந்து ஸ்கிரிப்ட்ல டபுள் கோட்ஸ்குள்ள எழுதியிருந்தா, ஷெல் அதை வேரியபிள்னு நினைச்சு முழுங்கியிருக்கும், அப்ப நீங்க நினைக்கிற பாஸ்வேர்டால பூட்டவே இல்ல.

அதுவும் இல்லைன்னா ஃபைலே பாதி தான் வந்திருக்கும். மேல நெட் விட்டு விட்டு வர்ற இடத்துல இருந்து அனுப்பினா ரெண்டு பக்கமும் ஹாஷ், அதாவது ஃபைலோட கைரேகை மாதிரி ஒரு நம்பர், ஒத்துப் பாருங்க, விண்டோஸ்ல செர்ட்யூட்டில் மைனஸ் ஹாஷ்ஃபைல், ஃபைல் பேர், எஸ்எச்ஏ256. லினக்ஸ்ல எஸ்எச்ஏ256சம்.

ஈ-வே பில் சைட்டே திறக்கல, கனெக்ஷன் ப்ரைவேட் இல்லைன்னு சொல்லுது, லாரி போடிமெட்டுல நிக்குது?

கம்ப்யூட்டர் தேதியைப் பாருங்க. வருஷம் பின்னாடி போயிருந்தா போர்டுல இருக்கிற சிஆர்2032 பேட்டரி தீந்துருச்சு. இப்போதைக்கு தேதியை சரி பண்ணி பில் போடுங்க, பேட்டரி நாளைக்கு.

எல்லா ஃபைலும் பேர் மாறி, காசு கட்டினா திறந்து விடுறோம்னு நோட் கிடக்கு?

ரான்சம்வேர். நெட் வயரைப் பிடுங்குங்க, வைஃபையை ஆஃப் பண்ணுங்க, பேக்கப் டிரைவ் மாட்டியிருந்தா அதை முதல்ல கழட்டுங்க. இது நம்ம ஊருக்கு எல்லாம் வராதுன்னு சொல்றவங்களுக்கு, 2017 மே மாசம் வானாக்ரைங்கிற ரான்சம்வேர் வந்தப்ப வயநாட்டுல ஒரு கிராமப் பஞ்சாயத்து ஆபீஸ் கம்ப்யூட்டரும், ஆந்திராவுல போலீஸ் கம்ப்யூட்டரும் மாட்டுச்சு. அது நுழைஞ்ச விண்டோஸ் ஓட்டையை அடைக்கிற பேட்ச் ரெண்டு மாசம் முன்னாடி மார்ச்சுலயே வந்துருச்சு, போடாதவங்க தான் மாட்டினாங்க.

பூட்டின டிஸ்க்கை அழிக்காம எடுத்து வைங்க. நோ மோர் ரான்சம்னு யூரோபோல், நெதர்லாந்து போலீஸ் எல்லாம் சேந்து 2016ல ஆரம்பிச்ச சைட் இருக்கு, ஒரு பூட்டின ஃபைலையும் அந்த நோட்டையும் போட்டா எந்த வகைன்னு பாத்து, திறக்கிற டூல் இருந்தா இலவசமா கொடுக்கும். இன்னைக்கு இல்லாத டூல் அடுத்த வருஷம் வரலாம், அதுக்குத் தான் டிஸ்க்கை வைக்கச் சொல்றது. மத்திய அரசோட சைபர் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன்னுக்கு ஆறு மணி நேரத்துக்குள்ள தகவல் சொல்லணும்னு 2022ல இருந்து விதி இருக்கு.

ஆபீஸ் கேரளாவுல, சர்வர் தமிழ்நாட்டுல. எந்த போலீஸ்கிட்ட போறது?

எங்க வேணாலும். சைபர் க்ரைம் போர்ட்டல் மத்திய அரசோடது, அதுல போடலாம். நேர்ல போனாலும் எங்க நடந்துச்சுன்னு பாக்காம புகாரை வாங்கணும்னு 2024 ஜூலைல அமலுக்கு வந்த பிஎன்எஸ்எஸ்ங்கிற குற்ற விசாரணை நடைமுறைச் சட்டத்துல 173வது பிரிவு சொல்லுது. குமுளிக்குப் போ, கம்பத்துக்குப் போன்னு அலைய விட்டா அந்தப் பிரிவை எடுத்துச் சொல்லுங்க.

கீ எல்லாம் எங்க தான் வைக்கிறது?

டேட்டா இருக்கிற அதே டிஸ்க்ல மட்டும் வேணாம், கீயையும் அதோட பாஸ்வேர்டையும் ஒரே பென் டிரைவ்லயும் போடாதீங்க. ரெண்டு ஆபீஸ் இருக்கிறவங்களுக்கு வசதி, மேல சர்வரோட சர்டிபிகேட் கீழ பீரோல, கீழ உள்ளது மேல. பிட்லாக்கர் கீயை பிரிண்ட் எடுத்து எந்த மெஷின்னு பேர் எழுதி ஒட்டின கவர்ல வைங்க. வருஷத்துக்கு ஒரு தடவை, சீசன் இல்லாத நேரமா பாத்து, பழைய மெஷின் ஒண்ணுல ரீஸ்டோர் பண்ணிப் பாருங்க.

இதுல எதுலயும் இல்லாத எர்ரர் வந்தா?

எர்ரர் நம்பர், முழு மெசேஜ், அதுக்கு முன்னாடி என்ன மாத்தினீங்கங்கிறது, இந்த மூணையும் சர்வீஸ் ஆளுக்கு அனுப்புங்க. நாங்க எதுவுமே மாத்தலைன்னு சொல்லாதீங்க, ஏதோ மாறியிருக்கும். அனுப்புற போட்டோல ரெக்கவரி கீயோ பாஸ்வேர்டோ தெரியுதான்னு ஒருதடவை பாத்துக்கங்க, ஏலக்கா விலை போடுற வாட்ஸ்அப் குரூப்ல வேற மாத்தி அனுப்பிராதீங்க.